நடுப்படியில் நிற்பவருக்கு யார் சோறு போடுவது?

தருமபுரி ஏரிக்குள் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போடும் பையனுக்கும், அமெரிக்க மைனர் லீக்கில் பேஸ்பால் எறிந்த ரிங்கு சிங்குக்கும் நடுவே ஓடும் ஒரே கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. தருமபுரி மாவட்டத்தில் தண்ணீர் வற்றிய ஏதோ ஓர் ஏரி. பென்னாகரம் பக்கமாக இருக்கலாம், அரூர் பக்கமாக இருக்கலாம், காட்சி ஒன்றுதான். முள் வெட்டிச் சுத்தம் செய்த தரையில் சுண்ணாம்புக் கோடு. வேப்பமரத்தில் கட்டிய ஃப்ளெக்ஸில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, அதைக் கொடுக்கும் உள்ளூர்ப் பிரமுகர்களின் கும்பிட்ட படங்கள். மைக் செட்டில் வர்ணனை ஆரம்பித்துவிட்டது. டூவீலரில் மூன்று மூன்று பேராக அணிகள் வந்து இறங்குகின்றன.

மத்தியானத்துக்குள் ஆட்டம் சூடுபிடித்துவிடும். கடைசி ஓவர், எட்டு ரன் தேவை. பந்து ஒல்லியான ஒரு பையன் கைக்குப் போகிறது. செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடி வருகிறான். முதல் பந்து பேட்ஸ்மேனின் கால் கட்டைவிரலுக்கு நேராக இறங்குகிறது. அடுத்ததும் அங்கேயே. மூன்றாவதும் அங்கேயே. மைக்காரர் அவன் பெயரோடு, இந்தியாவுக்கு ஆடிய நடராஜன் பெயரையும் சேர்த்துக் கூவுகிறார். ஆட்டம் முடிந்ததும் கோப்பை, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், போட்டோ. திங்கட்கிழமை காலை அவன் ஓசூர் ஷிஃப்டுக்கோ பெங்களூரு கட்டட வேலைக்கோ பஸ் ஏறிவிடுவான்.

இந்தப் பையன் கற்பனை இல்லை. இந்தப் பக்கத்தில் ஊருக்கு ஒருவராவது இப்படி உண்டு. 2024ல் வந்த ‘லப்பர் பந்து’ படத்தைத் தமிழ்நாடு அவ்வளவு கொண்டாடியதற்குக் காரணம், ஒவ்வொரு ஊரும் திரையில் தன் ஆட்களைப் பார்த்ததுதான். ஆனால் படம் முடிந்த பிறகு எழ வேண்டிய கேள்வியை நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை. இந்தப் பையனுக்கும் டிவியில் தெரியும் மைதானத்துக்கும் நடுவே எட்டுப் பத்து வருடத் தூரம் இருக்கிறது. அந்த வருடங்களில் அவன் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு?

பக்கத்து மாவட்டத்து யார்க்கர்

தருமபுரி 1965ல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம். ஓமலூருக்கு அப்பால் இருக்கும் சின்னப்பம்பட்டியை இந்த ஊர்க்காரர்கள் வெளியூர் என்று நினைப்பதே இல்லை. அப்பா தறி வேலைக்குப் போனார், அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டார். அந்த வீட்டிலிருந்து வந்த தங்கராசு நடராஜனின் கதை எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிவது அதன் கடைசிப் பக்கம்தான்.

இருபது வயது வரை அவர் கையில் இருந்தது டென்னிஸ் பந்து. அவரைச் சென்னைக்கு அழைத்துப்போனவர் அதே ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ். நடராஜன் தன் ஜெர்சியில் ‘ஜேபி’ என்று போட்டுக்கொண்டது அந்த அண்ணனுக்காக. 2010-11ல் சென்னை லீக்கின் நான்காவது டிவிஷனில் பிஎஸ்என்எல் அணி. பிறகு விஜய் கிளப். பிறகு முதல் டிவிஷனில் ஜாலி ரோவர்ஸ். 2015 ஜனவரியில் ரஞ்சி அறிமுகம், கொல்கத்தாவில், வங்காளத்துக்கு எதிராக.

இவ்வளவு தூரம் வந்தவருக்கு அந்த முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே இடி விழுந்தது. பந்து வீசும் முறையில் சந்தேகம் என்று புகார். முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது கிரிக்கெட் விதி. சின்ன வயதிலிருந்து பழகிய அசைவைக் கலைத்துவிட்டு, சுழற்பந்து வீரராக இருந்து பயிற்சியாளரான சுனில் சுப்பிரமணியம் போன்றவர்களிடம் பந்து வீச முதலிலிருந்து கற்றார். ஒரு வருடத்துக்கும் மேல் பெரிய ஆட்டம் கிடையாது. இருபத்து நாலு வயது, வீட்டில் தம்பி தங்கைகள், கையில் பெரிய வருமானமும் இல்லை. நடராஜன் ஊருக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. கிளப்பும் ஜெயப்பிரகாஷும் கைவிடாததால் அவர் திரும்பவில்லை. என் பார்வையில் அவர் வாழ்க்கையின் மிக முக்கியமான கட்டம் பிரிஸ்பேன் டெஸ்ட் இல்லை, இந்த ஒன்றரை வருடம்தான்.

2016ல் தமிழ்நாட்டின் டி20 தொடரான டிஎன்பிஎல் தொடங்கியது. திண்டுக்கல் அணிக்காக, டூட்டி பேட்ரியாட்ஸுக்கு எதிரான சூப்பர் ஓவரில் வரிசையாக யார்க்கர் போட்டார். அடுத்த வருடம் ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். 2018ல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து, இரண்டு சீசன் முழுக்க உட்கார வைத்தது. 2020ல்தான் 16 விக்கெட், ஏபி டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த அந்த யார்க்கர், அதன்பின் வலைப்பந்து வீச்சாளராக ஆஸ்திரேலியா.

▣ பெட்டிச் செய்தி: ஏழு ஆட்டம்

2020 டிசம்பர் 2, கான்பெராவில் ஒருநாள் அறிமுகம்.
2020 டிசம்பர் 4, அதே ஊரில் டி20 அறிமுகம். 30 ரன்னுக்கு 3 விக்கெட்.
2021 ஜனவரி 15, பிரிஸ்பேனில் டெஸ்ட் அறிமுகம். இந்தியாவின் 300வது டெஸ்ட் வீரர். முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட்.
2021 மார்ச் 28, புனே. இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ரன் தேவை. எதிரில் சாம் கரண், கடைசியில் 95 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றவர். நடராஜன் அந்த ஓவரைக் காப்பாற்றினார், இந்தியா 7 ரன்னில் வென்றது.
மறு மாதம் முழங்காலில் அறுவை சிகிச்சை.
இந்தியாவுக்காக அவர் ஆடியது மொத்தம் 1 டெஸ்ட், 2 ஒருநாள், 4 டி20. நான்கு மாதத்துக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

நான்கு மாத உச்சத்துக்காகப் பத்து வருடம் ஏறியிருக்கிறார். வேகப்பந்து வீச்சாளர் வாழ்க்கையின் கணக்கு இதுதான். மேலே இருக்கும் காலம் குறைவு, போகும் வழி நெடியது. அப்படியிருக்க, வழியில் இருக்கும் வருடங்களையும் வேலைக் காலமாக மதிக்க வேண்டாமா?

ஈட்டி எறிந்தவர்கள் பேஸ்பாலுக்குப் போனார்கள்

இந்தக் கேள்விக்கு நல்லதும் கெட்டதுமாகப் பதில் வைத்திருக்கும் ஊர் அமெரிக்கா. அங்கே பேஸ்பாலின் உச்சம் மேஜர் லீக், 30 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் கீழே அடுக்கடுக்காகச் சின்ன அணிகள். அவைதான் மைனர் லீக். பந்து எறியும் பிட்சர் அடிமட்டத்தில் சேர்ந்து ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். சென்னை லீக்கின் டிவிஷன்களைப் போலத்தான், ஒரு வித்தியாசம் தவிர: அங்கே கடைசிப் படியில் நிற்பவருக்கும் சம்பளம் உண்டு.

அந்தப் படிகளில் ஏறிய முதல் இந்தியர்கள் உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும். இருவரும் லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்தவர்கள். ரிங்கு, பதோஹி மாவட்டத்தில் லாரி ஓட்டுநர் ஒருவரின் மகன். 2008ல் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க முகவர், கிரிக்கெட் ஆடும் நாட்டில் பேஸ்பால் கையைத் தேடலாம் என்று ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற டிவி போட்டி நடத்தினார். 37,000க்கும் மேற்பட்டவர்கள் எறிந்து பார்த்தார்கள். மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த ரிங்குவுக்கு ஒரு லட்சம் டாலர் பரிசு. அதற்கு முன் இருவரும் பேஸ்பால் பந்தைத் தொட்டதுகூட இல்லை. கலிஃபோர்னியாவில் டாம் ஹவுஸிடம் சில மாதப் பயிற்சி. அந்த வருட இறுதியிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிர்வாகம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது.

2014ல் இவர்கள் கதையை வைத்து டிஸ்னி எடுத்த படம் அங்கே முடிந்துவிடுகிறது. ஏ.ஆர். ரஹ்மான் இசையோடு, சுபமாக. வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது. 2009 ஜூலை 4, ஃப்ளோரிடாவின் கல்ஃப் கோஸ்ட் லீக்கில் ரிங்கு களமிறங்கினார். மைனர் லீக்கின் கீழ்ப்படி அது. காலையில் பயிற்சி, நடுப்பகல் வெயிலில் ஆட்டம், பார்க்க வருபவர்கள் சொற்பம். ஒன்பது நாளில், ஜூலை 13 அன்று, அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பால் ஆட்டத்தில் வெற்றி பெற்ற முதல் இந்திய பிட்சர் ஆனார்.

தினேஷை 2010 டிசம்பரில் அணி விடுவித்தது. ஊர் திரும்பிப் படிப்பைத் தொடர்ந்தார். ரிங்கு ஏறிக்கொண்டே இருந்தார். டொமினிகன் குடியரசு, ஸ்டேட் காலேஜ், மேற்கு வர்ஜீனியா, குளிர்கால இடைவெளியில் ஆஸ்திரேலியாவின் கான்பெரா. ஆம், ஒன்பது வருடம் கழித்து நடராஜன் இந்தியத் தொப்பி வாங்கிய அதே கான்பெரா. 2013லிருந்து அவரைக் காயம் விடவில்லை. முழங்கை அறுவை, ஓய்வு, மீண்டும் காத்திருப்பு. கீழிருந்து மூன்று நான்கு படிகளோடு அவர் பேஸ்பால் முடிந்தது. 2018ல் டபிள்யூடபிள்யூஈ மல்யுத்தத்துக்குப் போனார். ‘வீர் மஹான்’ என்ற பெயரில் நெற்றியில் விபூதியோடு டிவியில் வந்தவர் இவர்தான் என்பது பல ரசிகர்களுக்கு இன்றும் தெரியாது.

அவரைத் தோற்றவர் என்று எழுதுவது அநியாயம். வேற்று ஆட்டம், வேற்று மொழி, வேற்றுச் சாப்பாடு. அதில் நாலு வருடம் ஆடியிருக்கிறார். மைனர் லீக்கில் சேரும் பெரும்பாலான அமெரிக்கப் பையன்களும் மேஜர் லீக்கைத் தொடாமல்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

சம்பளத்துக்காக எட்டு வருட வழக்கு

அந்தப் படிகளில் தேனும் பாலும் ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் மைனர் லீக் வீரருக்குச் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும் சம்பளம். சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமுக்குக் காசு கிடையாது. ஒரு வாடகை வீட்டில் ஆறேழு பேர், காற்று மெத்தையில் தூக்கம், சீசன் முடிந்ததும் கிடங்கு வேலை, டெலிவரி வேலை. 2014ல் ஆரன் சென் என்ற முன்னாள் வீரரும் சிலரும் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2018ல் அமெரிக்க நாடாளுமன்றம் என்ன செய்தது தெரியுமா? மைனர் லீக் வீரர்களுக்கு ஓவர்டைம் தர வேண்டியதில்லை என்று சட்டத்தையே திருத்தியது. வீரர்கள் விடவில்லை. 2022ல் மேஜர் லீக் 18.5 கோடி டாலர் தந்து வழக்கைச் சமரசம் செய்தது. அந்த வருடமே மைனர் லீக் வீரர்கள் மேஜர் லீக் வீரர்களின் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023ல் முதல் கூலி ஒப்பந்தம் கையெழுத்தானது.

▣ பெட்டிச் செய்தி: படிக்குப் படி கூலி

2023 ஒப்பந்தத்துக்கு முன்னும் பின்னும், மைனர் லீக் வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம்:

ரூக்கி நிலை: 4,800 டாலர், 2023ல் 19,800
சிங்கிள் ஏ: 11,000 டாலர், 2023ல் 26,200
டபுள் ஏ: 13,800 டாலர், 2023ல் 30,250
டிரிபிள் ஏ: 17,500 டாலர், 2023ல் 35,800

இந்தியாவில்: 2021ல் பிசிசிஐ உயர்த்தியபடி, 20 ஆட்டம் வரை ஆடிய ரஞ்சி வீரருக்குக் களத்தில் இறங்கினால் நாளுக்கு 40,000 ரூபாய். 40 ஆட்டத்துக்கு மேல் ஆடியவருக்கு 60,000.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரஞ்சிக்குள் நுழைந்துவிட்டால் நம் ஆட்டக்காரருக்குக் குறை இல்லை. 2023 டிஎன்பிஎல் ஏலத்தில் சாய் சுதர்சன் 21.6 லட்சத்துக்குப் போனார். சிக்கல் அதற்கும் கீழே. அமெரிக்காவில் ரூக்கி என்று எழுதியிருக்கும் அந்த முதல் வரிக்கு நேரே, நம் பட்டியலில் எழுதுவதற்கு எதுவும் இல்லை. முதல் டிவிஷன் கிளப்புகளுக்குக் கம்பெனிகளின் ஆதரவு உண்டு, வேலையும் உதவித்தொகையும் கிடைக்கும். நான்காவது, ஐந்தாவது டிவிஷனில் ஆடும் வெளியூர்ப் பையன் தன் அறை வாடகையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பந்தின் எடை

காசைத் தாண்டி இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைத் தோளால்தான் புரிந்துகொள்ள முடியும். சாதாரண டென்னிஸ் பந்தின் எடை 58 கிராம் வாக்கில். கிரிக்கெட் லெதர் பந்து 156 முதல் 163 கிராம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இருபது வயது வரை இலகுவான பந்தைத் தோள் சுழற்றி எறிந்து பழகியவன், ஒரே சீசனில் லெதர் பந்துக்கு மாறுகிறான். யார்க்கர் அவனுக்குக் கைவந்த கலை. டென்னிஸ் பந்தைக் கொஞ்சம் முன்னால் குத்தினால் எகிறி மட்டைக்கு வாகாக வரும், சின்ன மைதானத்தில் அது சிக்ஸர். அதனால் காலடியில் இறக்குவதைத் தவிர அவனுக்கு வழி இருந்ததில்லை. நடராஜனின் யார்க்கருக்கு இதுதான் பள்ளிக்கூடம். ஆனால் தையலைப் பிடிக்கும் விதம், ஸ்விங், ஒரே நாளில் பதினைந்து இருபது ஓவர் வீசும் உடம்பு எல்லாம் புதிதாகக் கற்க வேண்டியவை. பயிற்றுநரும் பிசியோவும் இல்லாமல் இந்த மாற்றத்தைச் செய்பவனுக்குத் தோளும் முதுகும் போவது தலைவிதி இல்லை. எதிர்பார்க்கக்கூடிய விபத்து.

பிட்சருக்கு ஆபத்து வேறு இடத்தில். பேஸ்பால் 142 முதல் 149 கிராம். முழங்கையை மடக்கி நிமிர்த்தி எறியலாம், தடை இல்லை. அதனாலேயே முழங்கையின் உட்பக்கத் தசைநார் அறுந்துபோகிறது. 1974ல் டாக்டர் ஃப்ராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு உடம்பின் வேறு இடத்துத் தசைநாரை எடுத்து அங்கே வைத்துத் தைத்தார். அந்த அறுவைக்கே டாமி ஜான் என்ற பெயர் வந்துவிட்டது. மறுபடி எறிய ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும்.

இதில் குமார் ராக்கர் என்ற பிட்சரின் கதை கவனிக்க வேண்டியது. இந்தியாவிலிருந்து குடியேறியவர்களின் மகளான லலிதா இவருடைய அம்மா, அப்பா அமெரிக்கக் கால்பந்தில் பெயர் வாங்கியவர். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காக 2019ல் ஒரே ஆட்டத்தில் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, ஒரு ஹிட் கூடத் தரவில்லை. 2021ல் மேஜர் லீக் அணிகள் புதுமுகங்களை எடுக்கும் தேர்வில் நியூயார்க் மெட்ஸ் பத்தாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. மருத்துவப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் போடாமல் விட்டது. தோளில் அறுவை. மைனர் லீக்கில்கூடச் சேராத ட்ரை-சிட்டி என்ற அணிக்குப் போய் எறிந்து காட்டினார். 2022ல் டெக்சாஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது, 52 லட்சம் டாலர். 2023 மே மாதம் டாமி ஜான் அறுவை. ஒரு வருடத்துக்கும் மேல் களத்தில் இல்லை. திரும்பி வந்து ஃப்ரிஸ்கோ, ரவுண்ட் ராக் என்று மைனர் லீக் படிகளில் ஏறி, 2024 செப்டம்பர் 12 அன்று சியாட்டிலில் மேஜர் லீக் அறிமுகம். நாலு இன்னிங்ஸ், ஏழு ஸ்ட்ரைக் அவுட்.

இரண்டு அறுவைக்குப் பிறகும் அவரால் நிற்க முடிந்ததற்குத் திறமை ஒரு காரணம் என்றால், கையிலிருந்த பணமும் கூடவே இருந்த மருத்துவர்களும் இன்னொரு காரணம். தருமபுரியில் தோள் போனவன் அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு அம்பயராக நிற்பான். அதற்கடுத்த வருடம் அதுவும் இருக்காது.

அரூர்ப் பையன் எங்கே போவான்?

2011 கணக்கெடுப்புப்படி தருமபுரியில் 15 லட்சம் பேர். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமத்தில் வசிக்கிறார்கள். எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி மாவட்டம் அப்போது இதுதான். மானாவாரிக் கொல்லை, பாலக்கோட்டுத் தக்காளி, மழை ஏமாற்றினால் பெங்களூரு. பதினெட்டு வயதில் சம்பாதிக்கத் தொடங்கும் பிள்ளையை ஆட்டத்துக்கு விடுவது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய செலவு என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மாவட்ட அணித் தேர்வு 14, 16, 19 வயதுக்குட்பட்டோர் என்று போகிறது. அந்த வயதில் லெதர் பந்து, பேடு, ஷூ, பயிற்சிக் கட்டணம் எல்லாம் டவுன் பிள்ளைகளுக்குத்தான் கட்டுப்படியாகும். ஏரிக்குள் ஆடுபவன் கண்ணில் படும்போது அவனுக்குப் பத்தொன்பது தாண்டியிருக்கும். அதன்பின் ஒரே வழி சென்னை, 300 கிலோமீட்டர். நடராஜனுக்கு ஒரு ஜெயப்பிரகாஷ் இருந்தார். எத்தனை ஊரில் ஒரு ஜெயப்பிரகாஷ் இருப்பார்?

நல்ல மாற்றங்களும் நடந்திருக்கின்றன. 2020ல் வாழப்பாடி அருகே சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானத்தை அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்து வைத்தார், ராகுல் திராவிடும் வந்திருந்தார். டிஎன்பிஎல் ஆட்டங்கள் அங்கே வந்தன. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பையனுக்கு மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டினால் பெரிய ஆட்டம் பார்க்கும் தூரம். 2023ல் நடராஜன் தன் ஊரிலேயே மைதானம் கட்டினார், தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். அதே சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த ஜி.பெரியசாமி 2019 டிஎன்பிஎல் இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கம் அணிக்காக ஐந்து விக்கெட் எடுத்துக் கோப்பையை வாங்கித் தந்தார். ஓர் ஊரில் ஓர் ஆள் வழி காட்டினால் அடுத்தவன் பின்னாலேயே வருகிறான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் மேலே போன வீரர் தன் காசில் கட்டும் மைதானத்தை நம்பி ஒரு மாநிலம் உட்காரக் கூடாது. செய்ய வேண்டியவை பெரிய காரியங்களும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் டென்னிஸ் பந்துப் போட்டிகளுக்கே தேர்வாளர்கள் நேரில் வர வேண்டும். யார்க்கர் அங்கேதான் இருக்கிறது. பத்தொன்பது வயது தாண்டிய வேகப்பந்து வீச்சாளர்களுக்குத் தனித் தேர்வு வேண்டும். தேர்வானவரை லெதர் பந்துக்கு மாற்ற ஆறு மாதமாவது பயிற்றுநரும் பிசியோவும் கூட இருக்க வேண்டும். சென்னை லீக்கின் கீழ் டிவிஷன்களில் ஆடும் வெளி மாவட்டத்தவருக்கு அறையும் சாப்பாடும் மாதாமாதம் ஒரு தொகையும் எழுத்துபூர்வமான ஒப்பந்தத்தோடு வேண்டும். அடிபட்டால் சிகிச்சைச் செலவு அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே வர வேண்டும். இந்திய கிரிக்கெட்டில் புழங்கும் கோடிகளுக்கு முன் இது கரும்பலகையில் போட வேண்டிய கணக்கே இல்லை.

மைனர் லீக் வீரர்கள் முறையான சம்பளம் கேட்டுப் பெற எட்டு வருடம் நீதிமன்றத்தில் நின்றார்கள். அதற்கு முன்பே 2022 முதல் அணிகளே அவர்களுக்குத் தங்குமிடம் தர வேண்டும் என்று மேஜர் லீக் அறிவிக்க வேண்டி வந்தது. காரணம், வீரர்கள் தங்கள் அறைகளின் படங்களையும் சம்பளச் சீட்டுகளையும் வெளியே காட்டத் தொடங்கினார்கள். நம் கீழ் டிவிஷன் பையன்கள் இன்னும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த சீசன் இடம் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அவர்களுக்காக மாவட்டச் சங்கங்கள் பேச வேண்டும். சென்னையில் நடக்கும் மாநில கிரிக்கெட் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இந்த ஒரு பொருளை அஜெண்டாவில் வைக்கச் சொல்லித் தருமபுரியிலிருந்தே முதல் கடிதம் போகலாம்.